ஏழு சாக்லேட்டும் ஒரு மொய் நோட்டும்

கேள்வி: என் கணவர் ஒசாகாவில் வேலை பார்க்கிறார். நான் இங்கே வந்து நாலு மாதம்தான் ஆகிறது. பிப்ரவரி 14 அன்று மாலை அவர் ஏழு சாக்லேட் பொட்டலங்களோடு வீட்டுக்கு வந்தார். எல்லாம் அலுவலகத்துப் பெண்கள் கொடுத்ததாம். "இங்கே இது வழக்கம்" என்கிறார். நிஜமாகவே வழக்கம்தானா?

பதில்:

வழக்கம்தான். அவர் பொய் சொல்லவில்லை. ஏழு வந்திருக்கிறது என்றால் அலுவலகத்தில் அவருக்கு நல்ல பெயர் என்று வைத்துக்கொள்ளலாம். அல்லது அவருடைய பிரிவில் பெண்கள் அதிகம், அவ்வளவுதான். ஆனால் "வழக்கம்" என்ற ஒரே சொல்லோடு அவர் நிறுத்திக்கொண்டதுதான் தப்பு. இதற்கு இரண்டாம் பாகம் ஒன்று உண்டு. அது மார்ச் 14-ல் வருகிறது. அதன் வேலை பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், யோகோஹாமாவில் ஒன்பது வருடம் குப்பை கொட்டியவன் என்ற தகுதியில்.

நம் ஊரில் காதலர் தினம் என்றால் பையன் ரோஜாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்பான். ஜப்பானில் தலைகீழ். அன்று கொடுப்பவர்கள் பெண்கள், வாங்குபவர்கள் ஆண்கள், பொருள் சாக்லேட். அந்தச் சாக்லேட்டிலும் சாதி உண்டு. மனதுக்குப் பிடித்தவனுக்கு மட்டும் கொடுப்பது 'ஹொன்மே சோக்கோ'. ஹொன்மே என்பது குதிரைப் பந்தயத்தில் ஜெயிக்கும் என்று எல்லோரும் பணம் கட்டும் குதிரைக்குச் சொல்லும் சொல். இங்கே 'இவன்தான் என் ஆள்' என்று அர்த்தம். மேலதிகாரி, பக்கத்து மேஜைக்காரர், பழைய பாக்கிக்கு ஓடிக்கொண்டிருக்கும் விற்பனைப் பிரிவு ஆள், இவர்களுக்கெல்லாம் கொடுப்பது 'கிரி சோக்கோ'. கிரி என்றால் கடமை, பட்ட கடன், செய்யாமல் விட்டால் முகத்தில் விழிக்க முடியாத விஷயம்.

தமிழில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. விசேஷ வீட்டுக்குக் கடமையாகச் செய்யும் மொய்யையும் சீரையும் மதுரைப் பக்கம் 'செய்முறை' என்பார்கள். உங்கள் கணவர் கொண்டுவந்தது ஏழு செய்முறை. காதல் அல்ல.

இது எனக்கு முதல் வருடம் தெரியாது. அப்போது கல்யாணம் ஆகவில்லை. பிப்ரவரி 14 காலை மேஜைக்கு வந்தால் கீபோர்டு மேல் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பெட்டி. மேலே மஞ்சள் ஒட்டுத்தாளில், அழகான கையெழுத்தில் ஒரு வரி. எனக்கு அப்போது ஹிராகானா எழுத்து கூட்டிப் படிக்க வரும். கூட்டிக் கூட்டிப் படித்தேன்: 'இத்ஸுமோ அரிகாத்தோ கொசாய்மாஸ்'. எப்போதும் நன்றி. எப்போதும் என்று ஏன் எழுத வேண்டும்? நான் அப்படி என்ன செய்தேன்? பத்து நிமிஷம் வேலை ஓடவில்லை. அப்புறம் தலையைத் தூக்கிப் பார்த்தால், ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்த எங்கள் பிரிவுத் தலைவர் மேஜையிலும் அதே பெட்டி, அதே மஞ்சள் தாள். அவருக்கு எதிரே இருந்தவருக்கும். எங்கள் பிரிவில் இருந்த நாலு பெண்களும் காசு போட்டு மொத்தமாக வாங்கி, வேலைக்கு ஆள் வருவதற்கு முன்னால் எல்லா ஆண்களின் மேஜையிலும் வைத்திருக்கிறார்கள். சுற்றறிக்கை மாதிரி ஒரே வாசகம்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மார்ச் மாதம் ஆண்கள் பக்கம் ஒரு மின்னஞ்சல் சுற்றி வந்திருக்கிறது, ஆளுக்கு 500 யென் போடச் சொல்லி. ஜப்பானிய மொழியில் இருந்ததால் கட்டட நிர்வாகத்து அறிவிப்பு என்று நினைத்து அழித்துவிட்டேன். மார்ச் 14 மதியம் எல்லோரும் சேர்ந்து பெண்களுக்கு ஏதோ பெட்டி கொடுக்கிறார்கள், கைதட்டுகிறார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. விஷயம் தெரிந்ததும் ஓடிப்போய்க் கீழே இருந்த கடையில் கண்ணில் பட்ட நாலு மார்ஷ்மெல்லோ பாக்கெட்டை வாங்கிவந்து ஆளுக்கு ஒன்றாக நீட்டினேன். நாலு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில், பெண்கள் ஏன் கொடுக்கிறார்கள் என்பது. இதற்கு ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். யாரோ தப்பாக மொழிபெயர்த்துவிட்டார்கள் என்பது அதில் பிரபலமான ஒன்று. நான் அதை நம்புவதில்லை. கடைக்கு யார் வந்தார்களோ அவர்களிடம் விற்றார்கள், அதுதான் விஷயம்.

கோபே துறைமுக நகரத்தில் மோரோசோஃப் என்று ஒரு மிட்டாய் நிறுவனம். ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு தப்பி வந்த ஒரு குடும்பத்தின் பெயர் அது. (அந்த வீட்டுப் பையனின் பெயரே வாலண்டைன் என்பது தற்செயல்தான் என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) 1936 பிப்ரவரியில் அந்த நிறுவனம் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் விளம்பரம் போட்டது: உங்கள் காதலருக்கு எங்கள் சாக்லேட் பெட்டியைப் பரிசாகக் கொடுங்கள் என்று. படித்தவர்கள் ஜப்பானில் இருந்த வெளிநாட்டவர்கள். உள்ளூர்க்காரர் யாரும் சட்டை செய்யவில்லை. பிறகு போர் வந்தது, சர்க்கரையே கிடைக்கவில்லை.

அடுத்த முயற்சி 1958-ல், தோக்கியோவின் ஷின்ஜுக்கு பகுதியில் இருக்கும் இசெத்தான் பல்பொருள் அங்காடியில். மேரி சாக்லேட் என்ற நிறுவனத்தில் இருந்த ஹரா குனியோ என்ற இளைஞருக்குப் பாரிஸில் இருந்த நண்பர் ஒருவர் எழுதியிருந்தார், இங்கே பிப்ரவரி 14-ல் பூவும் அட்டையும் சாக்லேட்டும் கொடுத்துக்கொள்கிறார்கள் என்று. இவர் உடனே கடையில் ஒரு பலகை எழுதி வைத்து மூன்று நாள் நின்றார். மூன்று நாள் விற்பனை என்ன தெரியுமா? 50 யென் சாக்லேட் மூன்று, 20 யென் வாழ்த்து அட்டை ஒன்று. மொத்தம் 170 யென். இன்றைக்கு அந்தக் காசுக்குத் தானியங்கி இயந்திரத்தில் ஒரு தேநீர் பாட்டில் வந்தால் அதிகம்.

வேறு ஆளாக இருந்தால் பலகையைக் கழற்றிவிட்டுப் போயிருப்பார். இவர்கள் அடுத்த வருடம் இதய வடிவத்தில் சாக்லேட் செய்து, அதன்மேல் கொடுப்பவர் வாங்குபவர் பெயரைப் பொறித்துத் தருகிறோம் என்றார்கள். கூடவே ஒரு வாசகம்: வருடத்துக்கு ஒரு நாள், பெண்ணே ஆணிடம் காதலைச் சொல்லலாம் என்ற பொருளில். அங்காடிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள், ஆண்கள் இனிப்புக் கடையில் நிற்பதையே கூச்சமாக நினைத்த காலம். வாசகம் வியாபாரத்துக்காக எழுதப்பட்டதுதான். ஆனால் குறி தப்பாமல் பட்டது. அப்போது ஜப்பானில் பாதிக்குமேல் பெரியவர்கள் பார்த்துச் செய்துவைத்த கல்யாணம். 'ஒமியாய்' என்பார்கள், நம் பெண் பார்க்கும் படலம்தான், பஜ்ஜி சொஜ்ஜி மட்டும் இல்லை. பெண் வாய் திறந்து 'உன்னைப் பிடித்திருக்கிறது' என்று சொல்வது நடக்காத காரியம். 1960-களின் கடைசியில்தான் காதல் கல்யாணங்களின் எண்ணிக்கை ஒமியாயைத் தாண்டியது. பிப்ரவரி 14 பள்ளி கல்லூரிப் பெண்களிடம் தீயாகப் பற்றிக்கொண்டதும் அதையொட்டி வந்த 1970-களில்தான். சாக்லேட்டைக் கையில் கொடுத்துவிட்டால் வாயால் சொல்ல வேண்டியது பாதி குறைந்துவிடும் அல்லவா?

நம் ஆட்கள் 'ப்ரபோஸ்' என்பதை அவர்கள் 'கொக்குஹாக்கு' என்பார்கள். ஒப்புதல் வாக்குமூலம் மாதிரியான சொல். பிடித்திருக்கிறது, என்னோடு பழகுவாயா என்று நேராகக் கேட்பது. பதில் 'சரி' என்று வந்தால் அந்த நிமிஷத்திலிருந்து காதலர்கள், இல்லாவிட்டால் இல்லை. அதற்குப் பிப்ரவரி 14 ஒரு சாக்கு. பள்ளியில் நுழைந்ததும் செருப்பு மாற்றும் அலமாரி இருக்குமே, அதில் அவனுடைய கட்டத்தில் பெட்டியை வைத்துவிட்டு ஓடுவதும் உண்டு. இதற்காகவே சில பள்ளிகள் அன்று சாக்லேட் கொண்டுவரக் கூடாது என்று தடை போடுகின்றன.

ஹொன்மே என்றால் பல பெண்களுக்குக் கையால் செய்ததாக இருக்க வேண்டும். யோகோஹாமாவில் எங்கள் பக்கத்து வீட்டில் மேல்நிலைப் பள்ளி மாணவி ஒருத்தி இருந்தாள். ஒரு வருடம் பிப்ரவரி 13 மாலை அவள் அம்மா என் மனைவியையும் கூப்பிட்டார், கை உதவிக்கு. கடையில் வாங்கிய சாதாரண சாக்லேட் பாளங்களைக் கத்தியால் பொடியாக நறுக்கி, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும். உருக்கி அச்சில் ஊற்றினால் தீர்ந்தது என்றுதான் நாம் நினைப்போம். இல்லை. கறுப்புச் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரி வரை உருக்கி, 27 டிகிரிக்கு இறக்கி, மறுபடி 31 டிகிரிக்கு ஏற்றி, அப்புறம்தான் ஊற்ற வேண்டும். தப்பினால் மறுநாள் காலை மேலே சாம்பல் பூத்த மாதிரி வெள்ளை படர்ந்துவிடும், உடைத்தால் படக்கென்று உடையாது. சுவரில் மாட்டிய வெப்பமானியும் கையில் பிடித்த வெப்பமானியுமாக அந்தப் பெண் பட்ட பாட்டைப் பார்த்து என் மனைவி சொன்னாள்: "அதிரசப் பாகு தோத்துது போ."

அவ்வளவு பாடுபட்டு அந்தப் பெண் செய்ததில் பெரும்பகுதி எந்தப் பையனுக்கும் இல்லை. வகுப்புத் தோழிகளுக்கு. அதற்கு 'தொமோ சோக்கோ' என்று பெயர். தொமோ என்றால் நண்பர். தோழிகள் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வார்கள். இப்போது பள்ளிகளில் இதுதான் அதிகம். இன்னொன்று 'ஜிபுன் சோக்கோ', தனக்குத் தானே வாங்கிக்கொள்வது. ஜனவரி கடைசியிலேயே பெரிய அங்காடிகளின் மேல்மாடியில் சாக்லேட் சந்தை தொடங்கிவிடும். பிரான்ஸ், பெல்ஜியத்திலிருந்து சாக்லேட் கலைஞர்கள் நேரில் வந்து பெட்டியில் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். நான்கு துண்டு 2,000 யென் என்று விற்கும் பெட்டியைத் தனக்காக வாங்குவார்கள், மேலதிகாரிக்கு அதில் கால்வாசி விலைப் பெட்டி. அந்தக் கடைகளில் கவனித்துப் பாருங்கள், பணம் கொடுக்கும்போது விற்பனைப் பெண் கேட்பார்: "சின்னப் பைகள் எத்தனை வைக்கட்டும்?" பெட்டிக்கு ஒன்றாகக் காகிதப் பைகளை மடித்து உள்ளே வைத்துவிடுவார். கொடுக்கும்போது பை கசங்கியிருக்கக் கூடாது.

இனி மார்ச் 14. அதற்கு 'ஒயிட் டே' என்று பெயர். ஆண்கள் திருப்பிக் கொடுக்கும் நாள். நான் தொடங்கினேன், நாங்கள்தான் தொடங்கினோம் என்று பல மிட்டாய்க்காரர்கள் உரிமை கொண்டாடுகிறார்கள். அதில் ஃபுக்குவோக்காவின் இஷிமுரா மான்செய்தோ கடையின் கதைதான் எனக்குப் பிடித்தது. 1905-ல் தொடங்கிய கடை. முட்டையின் மஞ்சள் கருவைச் சர்க்கரைப் பாகில் இழை இழையாக ஊற்றிச் செய்யும் ஒரு பழைய இனிப்பு இவர்கள் தொழில். அதில் மிஞ்சும் வெள்ளைக் கருவை என்ன செய்வது? அடித்து நுரைத்து மார்ஷ்மெல்லோவாக்கி, உள்ளே மஞ்சள் பூரணம் வைத்து, முட்டை வடிவத்தில் 'த்ஸுருநோகோ' என்று விற்றார்கள். கொக்கின் குஞ்சு என்று பொருள்.

1970-களின் பின்பாதியில் அந்தக் கடையின் முதலாளி ஒரு பெண்கள் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தபோது வாசகர் கடிதம் ஒன்று கண்ணில் பட்டது. ஆண்கள் சாக்லேட்டை வாங்கிக்கொள்கிறார்கள், திருப்பி ஒன்றும் தருவதில்லை, இது என்ன நியாயம், கைக்குட்டை, மிட்டாய், ஏன், ஒரு மார்ஷ்மெல்லோவாவது தரக் கூடாதா என்று. மார்ஷ்மெல்லோவாவது! அதையே பரம்பரைத் தொழிலாகச் செய்கிறவருக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனால் அவர் கோபப்படவில்லை, அதில் வியாபாரத்தைப் பார்த்தார். நீ தந்த சாக்லேட்டை என் மென்மையால் பொதிந்து திருப்பித் தருகிறேன் என்று, நடுவில் சாக்லேட் வைத்த மார்ஷ்மெல்லோ செய்து, சரியாக ஒரு மாதம் கழித்து மார்ச் 14-ஐ 'மார்ஷ்மெல்லோ தினம்' என்று அறிவித்தார். மிட்டாய்த் தயாரிப்பாளர்களின் தேசிய சங்கமும் அதே தேதியைப் பிடித்துக்கொண்டு, சர்க்கரையின் நிறத்தை வைத்து 1980-லிருந்து ஒயிட் டே என்று நாடு முழுக்கக் கொண்டுபோனது.

இத்தனை வேகமாக அது ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் விளம்பரம் மட்டும் இல்லை. இந்த நாட்டில் வாங்கியதைத் திருப்பாமல் தூங்க மாட்டார்கள். திருப்பிக் கொடுப்பதற்கு 'ஒகயேஷி' என்று பெயர். சாவு வீட்டுக்குப் போனால் உறையில் பணம் வைப்பார்கள். அந்த வீட்டார் கிட்டத்தட்டப் பாதி மதிப்புக்குப் பொருள் வாங்கி அனுப்புவார்கள். கல்யாணத்துக்குப் போய் மொய் வைத்தால் பை நிறையப் பரிசோடு திரும்பலாம். கோடைக்கு ஒரு பரிசு, வருடக் கடைசிக்கு ஒரு பரிசு. நம் ஊர் மொய் நோட்டில் பெயர், ஊர், தொகை எழுதி வைத்துப் பத்து வருடம் கழித்துப் பார்த்துச் செய்வோமே, அந்த நோட்டை இவர்கள் மனதிலேயே வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிப்ரவரி 14 திருப்பித் தரப்படாத கடனாக இத்தனை காலம் நின்றதுதான் ஆச்சரியம். ஒயிட் டேக்குப் பாதி மதிப்பு என்ற கணக்கும் கிடையாது. 'சான்பாய் கயேஷி' என்று ஒரு பேச்சு உண்டு, மூன்று மடங்காகத் திருப்ப வேண்டும் என்று. பாதி கேலி, பாதி நிஜம்.

இனி என் மார்ஷ்மெல்லோ. கொடுக்கும் பண்டத்துக்கு அர்த்தம் உண்டு என்று ஒரு நம்பிக்கை எப்படியோ பரவிவிட்டது. மிட்டாய் கொடுத்தால் உன்னைப் பிடிக்கும். வாயில் ரொம்ப நேரம் நிற்கிறதாம். பிஸ்கெட் கொடுத்தால் நண்பர்களாக இருப்போம். மார்ஷ்மெல்லோ கொடுத்தால் உன்னைப் பிடிக்கவில்லை. வாயில் போட்டதும் கரைந்து போகிறதாம். எந்தப் பண்டத்துக்காக அந்த நாளையே உண்டாக்கினார்களோ, அதற்கே இந்தக் கதி. ஒரே மதியத்தில் நாலு பேரிடம் 'உங்களை எனக்குப் பிடிக்காது' என்று சொன்னவன் அந்தக் கட்டடத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சிரித்தாலும், கிரி சோக்கோ அலுவலகப் பெண்களுக்குத் தலைவலிதான். யாரை விடுவது, யாருக்கு எவ்வளவு, கூட்டுக்குச் சேராவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று ஜனவரியிலேயே தொடங்கிவிடும். 2018 பிப்ரவரி 1 அன்று பெல்ஜியத்து கொதிவா சாக்லேட் நிறுவனம் நிக்கேய் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் போட்டது: ஜப்பானே, கிரி சோக்கோவை நிறுத்துவோம். அந்த நாள் விடுமுறையில் வந்தால் உள்ளுக்குள் நிம்மதிப் பெருமூச்சு விடும் பெண்கள் இருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தது. நிறையப் பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். கொதிவா விலையில் யாரும் கிரி சோக்கோ வாங்குவதில்லை, அதனால் அவர்களுக்கு இது சுலபம் என்று சிலர் குத்திக்காட்டினார்கள். நானும் அந்தக் கட்சிதான். அந்தப் பக்கம் பிளாக் தண்டர் என்று ஒரு சாக்லேட். அப்போது ஒன்று 30 யென் சொச்சம், பார்த்தாலே கிரி என்று தெரியும் என்பதையே விளம்பரமாக வைத்து விற்றவர்கள். அவர்கள் ட்விட்டரில் சொன்ன பதிலை நம் மொழியில் சொன்னால்: அடுத்த வீட்டுக் கதை அடுத்த வீட்டோடு, எங்கள் வீட்டுக் கதை எங்களோடு.

எப்படியோ, வழக்கம் தேய்ந்துகொண்டுதான் வருகிறது. கொடுப்பதையே விட்டுவிட்ட அலுவலகங்கள் நிறைய. பெருந்தொற்றில் வீட்டிலிருந்து வேலை பார்த்த வருடங்கள் பலருக்கு நல்ல சாக்காகப் போயின. உங்கள் கணவருக்கு ஏழு வந்ததே இந்தக் காலத்துக்கு அதிகம்.

இன்னொன்று: ஜப்பானில் காதலர்கள் ஜோடியாக வெளியே போய்ச் சாப்பிட்டு, விளக்கு அலங்காரம் பார்த்துக்கொண்டு நடக்கும் இரவு பிப்ரவரியில் இல்லை, டிசம்பர் 24. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு. ஆகவே உங்களை வெளியே கூட்டிப்போகச் சொல்லிக் கேட்க வேண்டிய தேதி அது. தென்கொரியா இந்த இரண்டு நாளையும் அப்படியே எடுத்துக்கொண்டு மூன்றாவதாகவும் ஒன்றைச் சேர்த்தது: ஏப்ரல் 14, இரண்டிலும் ஒன்றும் கிடைக்காதவர்கள் கறுப்புக் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ் சாப்பிடும் நாள்.

சரி, உங்கள் ஏழுக்கு வருவோம். சாப்பிட்டு முடித்துப் பெட்டியை எறிவதற்கு முன்னால் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: யார் கொடுத்தது, என்ன சாக்லேட், கடையில் என்ன விலை. கூட்டாகக் கொடுத்தது எது, தனியாகக் கொடுத்தது எது என்று அவரைக் கேளுங்கள். கூட்டுக்குக் கூட்டாகவே திருப்பலாம், அலுவலகத்து ஆண்கள் மின்னஞ்சல் அனுப்புவார்கள். அவர் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தனியாகக் கொடுத்தவர்களுக்குத் தனித்தனிப் பெட்டி. கணவனுக்கு வந்த கிரி சோக்கோவுக்கு திருப்பிக் கொடுக்க வேண்டியதை மனைவி போய் வாங்கிவருவது இங்கே சாதாரணம். மார்ச் முதல் வாரமே பெரிய அங்காடியின் தரைக்கீழ்த் தளத்துக்குப் போய்விடுங்கள். 14-ஆம் தேதி மாலை போனால், மறந்துபோன ஆண்கள் எல்லோரும் கோட்டும் டையுமாக அங்கே வரிசையில் நிற்பார்கள். பிஸ்கெட் வாங்குங்கள். சின்னப் பைகள் எத்தனை என்று கேட்டால் ஏழு என்று சொல்லுங்கள்.

ஒட்டுத்தாள்களையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். ஆறில் 'எப்போதும் நன்றி' என்று இருந்து, ஏழாவது பெட்டி கையால் செய்ததாக, படக்கென்று உடைகிறதாக இருந்தால், அதற்கு மட்டும் நீங்களே நேரில் போய் மார்ஷ்மெல்லோ கொடுத்துவிட்டு வரலாம்.